ஹப் கியர் சைக்கிளுக்கு முழுச் செயின் கவர் மாட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியில் நவம்பர் பிறந்தால் சைக்கிள் செயினுக்குப் போதாத காலம். மழை, சேறு, அழுகிய இலை. பனி உறைந்தால் சாலையில் தூவுகிற உப்பு வேறு. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் போட்ட செயின் புதன்கிழமை துருநிறத்துக்கு வந்து கீச்சிட ஆரம்பிக்கும். அலுவலகத்தில் போய் உட்கார்ந்தால் வலது பேன்ட் காலில் ஒரு கரிக்கோடு.

நான் இருக்கும் ம்யூன்ஸ்டர், ஆட்களைவிட சைக்கிள் அதிகம் என்று பெருமை பேசிக்கொள்ளும் ஊர். இங்கே உள்ளூர்ப் பேச்சில் சைக்கிளுக்கு ‘லேட்ஸெ’ என்று தனிப் பெயரே உண்டு. முதல் குளிர்காலத்தில் எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது அப்பாவின் கறுப்பு சைக்கிள்தான். அதில் செயின் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. பெடலிலிருந்து பின்சக்கரம் வரை தகரக் கவர். குழியில் இறங்கினால் கடகடவென்று தெரு முழுக்கக் கேட்கும். ஆனால் அப்பாவின் வேட்டியில் ஒருநாளும் கறை பட்டதில்லை.

அந்தக் கவரைத்தான், சத்தமில்லாத பிளாஸ்டிக் வடிவத்தில், நாம் இப்போது மாட்டப்போகிறோம். பெரிய கருவிகள் வேண்டாம். ஒரு சனிக்கிழமைப் பகல் போதும்.

## என்ன வகைகள் இருக்கின்றன?

ஐரோப்பாவின் நகர சைக்கிள்களில் பெரும்பாலும் பார்ப்பது அரைக் கவர். செயினின் மேல்பக்கத்தை மட்டும் மூடும். பேன்ட்டைக் காப்பாற்றும், செயினைக் காப்பாற்றாது. நமக்கு வேண்டியது செயினைச் சுற்றிலும் மூடுகிற முழுக் கவர். அதில் இரண்டு வகை.

முதலாவது, ஃபிரேமில் திருகி மாட்டும் பெட்டி. நெதர்லாந்து சைக்கிள்களில் கண்டிருப்போம். கெட்டி பிளாஸ்டிக்கில் வரும்; பழைய பாணியில் கம்பிச் சட்டத்தின் மேல் தோல்போன்ற துணியை இழுத்துப் பட்டன் போட்டிருப்பார்கள். உறுதியானது. ஆனால் பல மாடல்களுக்கு கிராங்கைக் கழற்றியே ஆக வேண்டும். ஃபிரேமும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, செயின்மேலேயே மிதக்கும் கவர். பீலஃபெல்ட் ஊரின் ஹேபி நிறுவனம் செய்யும் செயின்கிளைடர் இந்த வகை. ஃபிரேமில் ஒரு திருகுகூடக் கிடையாது. செயின்வீலையும் பின் பல்சக்கரத்தையும் பிடித்துக்கொண்டு, நடுவில் செயினை உறைபோலப் போர்த்திக்கொண்டு தானாக நிற்கும். கிராங்கைத் தொட வேண்டாம். புதிதாக ஆரம்பிப்பவருக்கு இதுதான் ஏற்றது என்பது என் கட்சி. இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதே.

ஜெர்மன் கடையில் ‘கெட்டன்ஷுட்ஸ்’ என்று மட்டும் கேட்டால் அரைக் கவரை எடுத்து நீட்டுவார்கள். ‘கெஷ்லொஸனர் கெட்டன்காஸ்டன்’, அதாவது மூடிய செயின் பெட்டி, என்று கேட்க வேண்டும்.

## ஏன் ஹப் கியருக்கு மட்டும்?

பின்னால் ஏழெட்டுப் பல்சக்கரங்கள் அடுக்கிய சைக்கிளில் கியர் மாற்றும்போது செயின் இடவலமாகத் தாவும். தாவுகிற ஒன்றுக்கு உறை தைக்க முடியாது. ஹப் கியரில் பற்களெல்லாம் சக்கரத்தின் நடுவிலுள்ள உருளைக்குள் ஒளிந்திருக்கின்றன. ஷிமானோ நெக்ஸஸ், ஆல்ஃபைன், இங்கிலாந்தில் பிறந்து இப்போது தைவானியர் கையிலுள்ள ஸ்டர்மி ஆர்ச்சர், 14 கியர் கொண்ட ரோலாஃப் எல்லாமே இந்தச் சாதி. கியர் எதுவானாலும் செயின் ஒரே நேர்கோட்டில்தான் ஓடும். அதனால் மூடலாம்.

மூடும் யோசனை இன்று நேற்று வந்ததல்ல. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இங்கிலாந்தில் ஹாரிசன் கார்ட்டர் என்பவர் செயினை எண்ணெய்ப் பெட்டிக்குள் ஓடவிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் இயந்திர உறையை ‘கார்த்தேர்’ என்பது அவர் பெயரை வைத்துத்தான். வோல்வர்ஹாம்ப்டனில் ஜான் மார்ஸ்டன் தயாரித்த சன்பீம் சைக்கிள்களுக்கும் இப்படியொரு எண்ணெய்ப் பெட்டிதான் பேர் வாங்கித் தந்தது. ஆனால் நம் பிளாஸ்டிக் கவர் எண்ணெய் தாங்குகிற பெட்டி இல்லை. உள்ளே எண்ணெயை ஊற்றிவிட்டால் மூட்டுகள் வழியாக ஒழுகித் தரைதான் கறுக்கும்.

## நம் சைக்கிளுக்குப் பொருந்துமா?

வாங்கும் முன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்து ஐந்து நிமிடம் பார்ப்போம்.

செயினை இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த கை ஏதாவது இருக்கிறதா? இருந்தால் மிதக்கும் கவர் மாட்டாது. பின்சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் நீளமான வெட்டோ, பெடல் அச்சையே நகர்த்தி இறுக்கும் அமைப்போ இருந்தால் நல்லது.

அடுத்து, பற்களை எண்ணுவோம். செயின்வீலில் ஒரு பல்லில் சாக்பீஸால் குறி வைத்துக்கொண்டு, சுற்றிவந்து அதே குறி வரும்வரை விரல் வைத்து எண்ண வேண்டும். செயின்கிளைடரின் முன்பகுதி 38, 42, 44 என்று குறிப்பிட்ட பல் எண்ணிக்கைகளுக்கே வருகிறது. நான் இதில் சோம்பல்பட்டேன். சைக்கிள் வாங்கியபோது வந்த காகிதத்தில் 42 என்றிருந்ததை நம்பி ஆர்டர் போட்டேன். பார்சல் வந்த பிறகு எண்ணிப் பார்த்தால் 38. திருப்பி அனுப்பிய தபால் செலவு என் தலையில். பின் பல்சக்கரத்தையும் அதேபோல எண்ணிக் குறித்துக்கொள்வோம்.

ஹப்பின் பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும். கவரின் பின்பகுதி ஹப்புக்கு ஹப் வேறு. ஷிமானோ நெக்ஸஸின் எட்டு கியர் ஹப்பில், கியர் கேபிள் வந்து சேரும் வட்டத் துண்டு பல்சக்கரத்துக்கு வெளிப்பக்கம் உட்கார்ந்திருக்கும். ரோலாஃபில் அப்படி எதுவும் இல்லை. ஒன்றுக்கானது மற்றதில் ஏறாது.

செயின்வீல் மெலிதான தகடாக இருந்தால் நமக்கு அதிர்ஷ்டம். தடித்த அலுமினிய வீலில் கவரின் உள்சுவர் உரசும். வீலின் வெளிப்பக்கம் பாதுகாப்புக்கென்று ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் வட்டு இருந்தால் அதைக் கழற்ற வேண்டியிருக்கும். வீலுக்கும் பின்ஃபோர்க் குழாய்க்கும் நடுவிலும், வீலுக்கும் கிராங்குக்கும் நடுவிலும் சில மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். காகிதம் நுழையும் அளவுக்குத்தான் இடம் என்றால் ஆசையை விட்டுவிடலாம்.

கடைசியாக, சைக்கிளுக்குப் பின்னால் குத்தவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு செயினின் நேர்கோட்டைப் பார்ப்போம். முன்பல்லும் பின்பல்லும் ஒரே கோட்டில் வருகின்றனவா? லேசாக விலகியிருந்தால் வழி உண்டு. ஷிமானோ ஹப்பின் பல்சக்கரம் பல நேரம் தட்டுபோலக் குழிந்திருக்கும். அதைத் திருப்பிப் போட்டால் கோடு சில மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ நகரும்.

## எவ்வளவு ஆகும்?

முன்பகுதியும் பின்பகுதியும் சேர்ந்து நாற்பது ஐம்பது யூரோவுக்குள் முடியும். இரண்டும் தனித்தனியாக விற்கப்படுவது உண்டு. ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு விலை மலிவு என்று சந்தோஷப்படக் கூடாது.

செயின் தேய்ந்திருந்தால் புதிதுக்குப் பத்திலிருந்து இருபது யூரோ. பின் பல்சக்கரம் பத்துக்குள். செயின் எண்ணெய் ஒரு குப்பி ஏழெட்டு யூரோ, வருடக்கணக்கில் வரும். 15 மி.மீ. ஸ்பேனர் இல்லையென்றால் அதற்கு ஒரு பத்து. ஆக, எல்லாம் நல்ல நிலையில் இருந்தால் ஐம்பது யூரோ, செயினையும் பல்லையும் மாற்றினால் எண்பது தொண்ணூறு என்று கையில் வைத்துக்கொள்வோம். கடையில் கொடுத்துச் செய்வதென்றால் கூலியை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. பல கடைகளில் நேரக் கணக்குதான், கவரின் விலையைக் கூலி தாண்டிவிடக்கூடும்.

ஃபிரேமில் திருகும் நெதர்லாந்துப் பெட்டி இதைவிட மலிவாகவே கிடைக்கும். ஆனால் கிராங்க் கழற்றும் கருவியை அதோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

## முதல் வேலை: செயின்

கவரை இன்னும் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம். நம் நேரத்தில் முக்கால்வாசி செயினுக்குத்தான் போகப்போகிறது, அப்படித்தான் போகவும் வேண்டும். உள்ளே எதை வைத்து மூடுகிறோமோ அதுதான் உள்ளே இருக்கும். மணலோடு மூடினால் அந்த மணல் வெளியே வர வழியில்லாமல் செயினை அரைத்துக்கொண்டே கிடக்கும்.

தேய்மானம் பார்ப்பது எளிது. சைக்கிள் செயினில் ஓர் ஊசியிலிருந்து இரண்டு கண்ணி தள்ளியுள்ள ஊசி வரை சரியாக ஓர் அங்குலம். அப்படிப் பத்து அங்குலம், அதாவது இருபது கண்ணி, புதுச் செயினில் 254 மி.மீ. இருக்கும். எஃகு ஸ்கேலை வைத்து அளப்போம். 256-ஐத் தொட்டுவிட்டால் மாற்றிவிடுவோம். பழையதையும் புதியதையும் தொங்கவிட்டு நீளம் பார்க்கக் கூடாது, பழையது இழுபட்டிருக்கும். கண்ணிகளை எண்ணித்தான் வெட்ட வேண்டும்.

புதுச் செயினின் அகலமும் கவரின் பெட்டியில் போட்டிருக்கும் அகலமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து வாங்குவோம். செயினை இணைக்கும் பூட்டுக் கண்ணியில் ஸ்பிரிங் கிளிப் இருந்தால், அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். அந்தக் கிளிப் கொஞ்சம் வெளியே துருத்துவதால், சுற்றுக்கொருமுறை கவரில் டிக் டிக் என்று தட்டக்கூடும். கிளிப் இல்லாத பூட்டு கிடைத்தால் அதையே போடுவேன்.

பழைய செயினே போதுமென்றால் நன்றாகத் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் ஊறவைத்து, பழைய பனியனால் மேலெண்ணெய் முழுக்க எடுத்துவிடுவோம். எண்ணெய் கண்ணிக்குள் இருந்தால் போதும். வெளியே வழிந்தால் தூசிக்குத்தான் விருந்து.

## இரண்டாவது வேலை: இறுக்கம்

பழைய அரைக் கவரின் திருகுகளைக் கழற்றி அதை ஓரமாக வைப்போம். சக்கரத்தை நகர்த்த நட்டுகளைத் தளர்த்தும் முன், பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும் சைக்கிளா என்று பார்ப்போம். அப்படியென்றால் இடதுபக்கம் ஹப்பிலிருந்து ஒரு இரும்புக் கை நீண்டு வந்து ஃபிரேமில் கிளிப்போடு மாட்டியிருக்கும். அதன் திருகை முதலில் தளர்த்த வேண்டும்.

இப்போது 15 மி.மீ. ஸ்பேனரால் இருபக்க நட்டையும் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னால் இழுப்போம். செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் ஆட்டினால் மொத்தம் 10 முதல் 15 மி.மீ. வரை ஆட வேண்டும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. எந்தச் செயின்வீலும் அச்சுஅசல் வட்டம் இல்லை. கிராங்கைச் சுற்றச்சுற்ற ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். மிக இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளப்போம். அங்கே பத்து மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் நிம்மதி.

சக்கரம் இரண்டு பக்கமும் ஃபிரேமுக்கு நடுவில் நிற்கிறதா என்று பார்த்து நட்டுகளை இறுக்குவோம். டார்க் ஸ்பேனர் உள்ளவர்களுக்கு: ஷிமானோ ஹப்புக்கு 30 முதல் 45 நியூட்டன் மீட்டர். நட்டுக்கு அடியில் கொக்கிபோல வளைந்த வாஷர் இருக்குமே, அது ஹப்பின் அச்சு சுற்றிவிடாமல் பிடிப்பது. கழன்றிருந்தால் அதே பக்கத்தில், கொக்கி ஃபிரேமின் வெட்டுக்குள் உட்காரும்படி போட வேண்டும்.

சக்கரம் நகர்ந்ததால் கியர் கேபிளும் நகர்ந்திருக்கும். நெக்ஸஸ் எட்டு கியரில் நான்காவது கியரில் வைத்து, ஹப்பின் மேலுள்ள இரண்டு கோடுகளும் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று பார்ப்போம். மூன்று கியர் ஹப் என்றால் இரண்டாவது கியரில் வைத்துப் பார்க்க வேண்டும். கோடுகள் விலகியிருந்தால் கேபிளின் முனையிலுள்ள சிறு திருகைத் திருப்பிச் சரிசெய்வோம். கவர் ஏறிய பிறகு இந்தக் கோடுகளைக் குனிந்து பார்ப்பது கழுத்துவலி.

## இப்போது கவர்

வீட்டுக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்த கவரையே மாட்டுவோம். குளிரில் விறைத்த பிளாஸ்டிக் வளைந்து கொடுக்காது. கிளிப் ஒடிந்தால் முழுப் பகுதியையே வாங்க வேண்டியதுதான்.

முதலில் முன்பகுதி. செயின் வீலின் மேல் கிடக்கும்போதே, மேலும் கீழுமாக அணைத்து, கிளிப் ‘டக்’ என்று விழும்வரை அழுத்துவோம். கிராங்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்போம். தடங்கல் இல்லையென்றால் பின்பகுதியை எடுத்து, சக்கரத்தின் பின்னாலிருந்து பல்சக்கரத்தின் மேல் நுழைப்போம். அதன் கைகள் முன்பகுதியின் கைகளோடு கோத்துக்கொள்ளும். அங்கேதான் நீளத்தைக் கூட்டிக் குறைக்கப் பல்வரிசை இருக்கிறது. துண்டுகளின் அமைப்பு மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். பெட்டிக்குள் இருக்கும் படத்தாளை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டே செய்வோம்.

நீளம் வைப்பதில்தான் கைப்பக்குவம். மேல்கையும் கீழ்க்கையும் ஒரே பல்லில் நிற்க வேண்டும். ரொம்ப இழுத்து வைத்தால் கவரின் வளைவு பற்களில் உரசும். தளர்த்தி வைத்தால் குழியில் இறங்கும்போது குதிக்கும். என் கணக்கு: முதலில் ஒரு பல் தளர்வாக வைத்துக் கிராங்கைப் பின்னோக்கிச் சுற்றிக் காதைக் கொடுப்பேன், பிறகு ஒவ்வொரு பல்லாக இறுக்குவேன், உரசல் சத்தம் வந்ததும் ஒரு பல் பின்வாங்கிவிடுவேன். பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும் சைக்கிளில் கிராங்கை முன்னோக்கித்தான் சுற்ற முடியும், அதற்குப் பின்சக்கரம் தரையைத் தொடாமல் இருக்க வேண்டும்.

## சத்தம் வந்தால்?

முதல் சில நாட்கள் ‘ஷ்ஷ்’ என்று மெல்லிய சத்தம் வருவது சகஜம். பிளாஸ்டிக்கும் செயினும் பழகிக்கொள்கின்றன. ஒரு வாரம் விட்டுப்பிடிப்போம்.

சுற்றுக்கு ஒருமுறை மட்டும் வந்தால் செயின்வீல் கோணியிருக்கிறது, அல்லது பூட்டுக் கண்ணி தட்டுகிறது. குழியில் மட்டும் படபடத்தால் செயின் தளர்ந்திருக்கிறது. மிதிக்கும்போது தொடர்ந்து கரகரவென்றால் நேர்கோடு தப்பியிருக்கிறது, அல்லது வீல் தடிமனானது. கவரை அரம் வைத்துத் தேய்க்கலாமா என்று கை துறுதுறுக்கும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் கோளாறு செயினில்தான் இருக்கும். நான் ஒரு மாதம் கவரைத் திட்டித் தீர்த்துவிட்டு, செயினை ஐந்து மில்லிமீட்டர் இறுக்கியதும் சத்தம் அடங்கிப்போன கதை வீட்டில் இன்றைக்கும் ஓடுகிறது.

## ஜாக்கிரதை

பிரேக் கையின் கிளிப்பைத் திருப்பி மாட்டாமல் ஒருநாளும் ஏறக் கூடாது. அது இல்லாமல் பின்னால் மிதித்தால் அந்த இரும்புக் கை அச்சோடு சுழலப் பார்க்கும்; பிரேக்கும் பிடிக்காது, ஸ்போக்கும் மிஞ்சாது. வேலை முடிந்ததும் முதலில் அந்தத் திருகைத் தொட்டுப் பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்வோம்.

செயின் சுற்றும்போது கவரின் மூட்டில் விரல் வைத்துப் பார்க்கக் கூடாது. குழந்தைகள் பக்கத்தில் நின்றால் கிராங்கை அவர்கள் கையில் கொடுக்கவே கூடாது.

கவரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம். உள்ளே போன தண்ணீர் சீக்கிரத்தில் காயாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

## மாட்டிய பிறகு

ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியதும் நட்டுகளையும் செயின் ஆட்டத்தையும் ஒருமுறை பார்ப்போம். கவரின் கீழ்க்கையை மெல்லத் தூக்கினால் செயினின் ஆட்டம் கையிலேயே தெரியும்.

வழியில் பின்சக்கரம் பஞ்சரானால் முழுக் கவரையும் கழற்ற வேண்டாம். சின்னத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் கிளிப்பை நெம்பிப் பின்பகுதியை மட்டும் பின்னால் இழுத்தால் சக்கரம் வெளியே வந்துவிடும். அதற்கு முன் கைகள் எத்தனையாவது பல்லில் நின்றன என்று பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், திரும்ப மாட்டும்போது இருட்டில் தடவ வேண்டியதில்லை. அந்த ஸ்க்ரூடிரைவரும் 15 ஸ்பேனரும் என் சீட்டுப் பையைவிட்டு இறங்குவதில்லை.

வருடத்துக்கு ஒருமுறை, குளிர்காலம் முடிந்த கையோடு, கவரைத் திறந்து செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு மறுபடி 254-ஐ அளப்போம். முதல் வருடம் நான் திறந்தபோது கவரின் வெளிப்பக்கம் உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. உள்ளே செயினைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் பட்ட எண்ணெயில் மணல் நெரியவில்லை.